பிளாசாச் சுவரில் ஓவியம் வரைய ரொறன்ரோ சிற்றியில் யாரைக் கேட்பது?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: "அக்கா, எங்கள் அண்ணாவின் மளிகைக்கடை ஒரு பிளாசாவில் இருக்கிறது. பின்சுவரில் யாரோ ஸ்பிரே அடித்துவிட்டுப் போக, அழிக்கச் சொல்லி சிற்றியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தச் சுவரில் நானே பெரிதாக ஒரு ஓவியம் வரையலாம் என்று நினைக்கிறேன். யாரிடம் அனுமதி கேட்பது என்று விசாரித்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்னுடைய கன்வஸ் ஓவியங்களையும் சிற்றியின் கலரியில் வைக்க ஆசை. எந்தக் கதவைத் தட்டுவது?"

தங்கச்சி, முதலில் அந்த நோட்டீஸை எடுத்து, யார் பெயருக்கு வந்திருக்கிறது, எந்தத் திகதிக்குள் அழிக்கச் சொல்கிறது என்று இரண்டையும் பாருங்கள். ஓவியம் வரையப் போகிறேன் என்று சொன்னால் அந்தக் கெடு தானாக நின்றுவிடாது. கெடு தாண்டினால் சிற்றியே ஆள் அனுப்பி அழித்துவிட்டு, செலவைச் சுவர்க்காரரிடம் அறவிடலாம். அதனால் இப்போதைக்கு அந்தக் கிறுக்கலைக் கழுவியோ ஒரு பூச்சு அடித்தோ மறைத்துவிடுங்கள், எப்படியும் ஓவியத்துக்கு அந்தச் சுவரைச் சுத்தம் செய்யத்தானே வேண்டும்.

ரொறன்ரோவின் கிராஃபிட்டி (சுவர்க்கிறுக்கல்) விதி, மாநகரச் சட்டக் கோவையில் 485ஆம் அத்தியாயம், சுவரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. உரிமையாளர் சம்மதத்தோடு, சுவரையும் சூழலையும் அழகுபடுத்த வரைந்தது சுவரோவியம். சம்மதமில்லாமல் அடித்துவிட்டுப் போனது சேதம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வேலைக்கு நோட்டீஸ் வந்தால், அதைக் கலை என்று ஏற்றுக்கொள்ளும்படி உரிமையாளர் கேட்கலாம், அதைப் பார்த்து முடிவு சொல்ல அதிகாரிகள் குழு ஒன்று இருக்கிறது. ஆக, வரையுமுன் எழுத்தில் வாங்கிய சம்மதம் உங்கள் கையில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் யாருடைய சம்மதம்? இங்கேதான் நம்மவர்கள் அடிக்கடி சறுக்குகிறோம். கடை அண்ணாவுடையது, சுவர் பெரும்பாலும் அவருடையது இல்லை. வாடகைக் கடை என்றால் வெளிச்சுவர் பிளாசாக்காரருடையது. ஸ்காபரோவில் நிறையப் பிளாசாக்கள் கொண்டோ முறையில், அதாவது ஒவ்வொரு கடையும் தனித்தனியாக, விற்கப்பட்டவை, அங்கே கடையைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் வெளிச்சுவர் பொதுச்சொத்து, கொண்டோ சபையின் ஒப்புதல் வேண்டும். நானே ஒருமுறை கடைக்காரர் தலையாட்டியதை நம்பிப் பூச்சு வேலை முழுவதையும் முடித்த பிறகு, பிளாசா முகாமையாளர் வந்து நிறுத்திவிட்டார். மூன்று நாள் உழைப்பு, அதன் மேல் சாம்பல் நிறப் பெயின்ற். அவர் மேல் பிழை இல்லை, நான் கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லை.

சரி, சிற்றிக்கு வருவோம். ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், பொதுக்கலை சிற்றிக்குள் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான். சிற்றிக்குச் சொந்தமான சிலைகள், நினைவுச்சின்னங்கள், அவற்றைப் பராமரிப்பது எல்லாம் பொருளாதார அபிவிருத்தி மற்றும் பண்பாட்டுப் பிரிவின் கையில். டவுன்ரவுணில் பெரிய கட்டடங்களின் வாசலில் நிற்கிற சிற்பங்கள் நகரத் திட்டமிடல் பிரிவோடு சேர்ந்தவை: கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும்படி கட்டுபவரைக் கேட்கிற திட்டம் அது, உங்களுக்கு இப்போது தேவையில்லை. தெருவோரச் சுவரோவியங்களைப் பார்ப்பது போக்குவரத்துப் பிரிவு! கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் பாலத்தடிச் சுவரும் சிக்னல் பெட்டியும் அவர்களிடம்தானே இருக்கின்றன. 2012இல் கிராஃபிட்டி மேலாண்மைத் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கிய ஸ்ட்ரீட்ஆர்ரொறன்ரோ, சுருக்கமாக ஸ்டார்ட், அங்கேதான் இருக்கிறது. சந்திகளில் பூவும் பறவையுமாக வண்ணம் பூசி நிற்கிற சிக்னல் பெட்டிகள் அவர்களின் வேலை. உங்கள் கேள்விக்கான கதவு அதுதான்.

ஸ்டார்ட்டிடம் காசு கேட்பதானால் ஒரு விசயம். சுவரோவிய மானியங்கள் பெரும்பாலும் இலாப நோக்கற்ற அமைப்புகள் வழியாகத்தான் வரும், தனியாளாக, அதுவும் அண்ணாவின் கடைக்கு என்று கேட்டால் எடுபடுவது கடினம். அதனால் கூட்டாளி ஒன்றைத் தேடுங்கள். கிங்ஸ்ரன் வீதியில் ஸ்காபரோவின் பழைய வாழ்க்கையைக் காட்டுகிற பெரிய சுவரோவியங்களைப் பார்த்திருப்பீர்கள், அவை 1990இல் ஸ்காபரோவிலேயே தொடங்கிய மியூரல் ரூட்ஸ் என்ற அமைப்பின் முயற்சி. ஸ்காபரோ ஆர்ட்ஸ் என்ற அமைப்பும் இருக்கிறது. உங்கள் பிளாசா ஏதாவது வணிக மேம்பாட்டு வட்டாரத்துக்குள் (BIA) வருகிறதா என்றும் விசாரியுங்கள், அதை நடத்துகிற அந்தப் பகுதி வணிகர்கள் சுவரோவியத்துக்குச் செலவைப் பகிர்வதுண்டு.

இன்னுமொன்று, அண்ணாவுக்கு இது பிடிக்காது: ஓவியத்துக்குள் கடையின் பெயர், சின்னம், தொலைபேசி எண் எதுவும் வரக்கூடாது. வந்தால் அது ஓவியமாக இல்லாமல் விளம்பரப் பலகையாகி, வேறு விதியும் வேறு அனுமதியுமாக நீண்டுவிடும். கறிவேப்பிலைக் கொத்தை எவ்வளவு பெரிதாகவும் வரையுங்கள், "இங்கே கிடைக்கும்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் கவுன்சிலரின் அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். படத்தைத் தெரிவு செய்வது அவர் வேலை இல்லை, ஆனால் அயலவர் யாராவது முறையிட்டால் முதலில் தொலைபேசி அடிப்பது அங்கேதான். அரசியல்வாதிகள் கலையைத் தெரிவு செய்வதிலிருந்து விலகி நிற்பதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிற்றி ஹோல் முன்றலில் நிற்கிற, சிற்பி ஹென்றி மூரின் 'தி ஆர்ச்சர்' வெண்கலச் சிற்பத்தை வாங்க மாநகரசபை பணம் தர மறுத்தபோது, மேயர் பிலிப் கிவென்ஸ் தனியாரிடம் பணம் திரட்டி 1966இல் அதை நிறுத்தினார், அந்த வருடத் தேர்தலிலேயே தோற்றும் போனார். இன்று அந்தச் சிற்பம் இல்லாத முன்றலை நினைத்துப் பார்க்க முடிகிறதா? கலைஞர்களுக்கான மானியத்தைப் பொறுத்தவரை இந்த விலகல் நடைமுறையிலேயே இருக்கிறது: காசு சிற்றியினுடையது, யாருக்கு என்று முடிவெடுப்பது 1974இல் தொடங்கிய ரொறன்ரோ ஆர்ட்ஸ் கவுன்சில், அங்கே விண்ணப்பத்தைப் படிப்பவர்களும் கலைஞர்களே. அந்தக் காசும் சும்மா வரவில்லை. பெரிய விளம்பரப் பலகைகள் மீது சிற்றி போட்ட வரி கலைக்கே போக வேண்டும் என்று கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2013இல்தான், நகரவாசி ஒருவருக்கு 25 டொலர் வீதம் கலைக்குச் செலவிடுவது என்ற இலக்கை நோக்கி அந்தப் பணத்தை ஒதுக்க மாநகரசபை உடன்பட்டது. கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள்.

இனிச் சுவர். எந்த அலுவலகமும் இதைச் சொல்லித் தராது, ஆனால் ஓவியம் நிற்பதும் உதிர்வதும் இதில்தான். ஒரு முழத் துண்டு பிளாஸ்ரிக் தாளை எடுத்து நான்கு பக்கமும் ரேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவைத்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, அதன் மேல் அடிக்கிற அக்ரிலிக் குளிர்காலம் கழியும்போது கொப்புளித்துத் தோலாக உரியும். செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே கதை, பீலி எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அதைத் திருத்திய பிறகுதான் தூரிகை. அப்புறம், பின்பக்கம் என்பதால் பனி அள்ளுகிற வண்டி எங்கே குவிக்கிறது என்று அண்ணாவிடம் கேளுங்கள். உப்புக் கலந்த பனி மாதக்கணக்கில் சாய்ந்து கிடக்கிற கீழ் மூன்றடியில் முகமோ கையோ வரையாதீர்கள், திருத்தி அடிக்கக்கூடிய தனி நிறமாக விட்டுவிடுங்கள். இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்குகிற நாட்களில் பெரும்பாலான அக்ரிலிக் சரியாக இறுகாது, ஆகையால் செப்ரெம்பர் நடுவுக்குள் முடிக்கப் பாருங்கள். கடைசியில் கிராஃபிட்டி தடுப்புப் பூச்சு கட்டாயம், ஒருமுறை அடித்தவர்கள் திரும்பவும் வருவார்கள்.

பிளாசாக்காரரோடு எழுதுகிற உடன்படிக்கைக் கடிதத்துக்கு இரண்டு பக்கம் போதும். எத்தனை வருடம் ஓவியம் இருக்கும், பழுதானால் யார் திருத்துவது, சுவரை இடிக்கவோ பூசவோ நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு உங்களுக்குச் சொல்வது, இவற்றை எழுதுங்கள். தார்மீக உரிமையை, அதாவது விற்ற பிறகும் தன் படைப்பைச் சிதைக்காதே என்று சொல்லக் கலைஞருக்கு உள்ள உரிமையை, விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் நிறுத்திக் கேளுங்கள். ஈற்றன் சென்ரர் கடைத்தொகுதியின் கூரையடியில் தொங்குகிற, கலைஞர் மைக்கல் ஸ்னோவின் 60 வாத்துச் சிற்பங்களின் கழுத்தில் நத்தாருக்குச் சிவப்பு ரிபன் கட்டினார்கள், அவர் நீதிமன்றம் போனார், 1982இல் ரிபன்களைக் கழற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சிற்பம் கட்டடக்காரருக்குச் சொந்தம், ஆனால் அதைச் சிதைக்க முடியாது என்று சொல்ல முடிந்தது அந்த உரிமையால்தான். அதை இன்னொருவருக்கு விற்க முடியாது, ஆனால் ஒரு கையெழுத்தில் கைவிட முடியும். ஓவியத்தை முழுவதும் அழிப்பதைத் தடுக்க இந்த உரிமையை மட்டும் நம்பியிருக்க முடியாது, அதனால்தான் முன்னறிவித்தல் வரியைக் கேட்கிறேன்.

கலரி விசயம் இதைவிட எளிது. கொன்ஃபெடரேசன் டிரைவில் இருக்கிற சீடர் ரிட்ஜ் கிரியேற்றிவ் சென்ரர் சிற்றியே நடத்துகிற இடம், பழைய மாளிகை, உள்ளே கலரி. உங்களுக்குப் பக்கம், அங்கேயே தொடங்குங்கள். நூலகக் கிளைகள் சிலவற்றிலும் ஓவியம் மாட்ட இடம் தருகிறார்கள், ஆனால் நூலகத்துக்குத் தனிச் சபை, தனி விண்ணப்பம். ஆர்ட் கலரி ஒஃப் ஒன்ராறியோவும் பல்கலைக்கழகக் கலரிகளும் சிற்றியின் கீழ் வருவதில்லை, அவற்றைத் தேடி சிற்றியின் தொலைபேசிச் சேவையான 311-க்கு அடிக்காதீர்கள்.

முதலில் ஒரு நாள் பின்னேரம், வெயில் சுவரில் விழுகிற நேரம், தெருவின் மறுபக்கம் நின்று சுவரைப் படம் எடுங்கள். நீளம், உயரம் அளந்து, அந்தப் படத்தோடு பிளாசாக்காரருக்குக் கடிதம். அவரின் பதில் எழுத்தில் வந்த பிறகு ஸ்டார்ட்டுக்கு எழுதுங்கள்.