இரணைமடுக் கட்டில் விழுந்த உருண்டையை அவர் ஏன் தொட்டார்?

உங்கள் கதையில், வன்னியின் இரணைமடுக் குளக்கட்டில் விழுந்த உருண்டையான செய்மதித் (செயற்கைக்கோள்) துண்டை நாயகன் வெறுங்கையால் தூக்கும் இடத்தில் பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள் என்கிறீர்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். அவர் மிதிவெடி அகற்றுபவர். தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, அடையாளமிட்டு அறிவிப்பதுதான் அவர் தொழில். வன்னியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் இது.

ஆனாலும் தொழிலை மாற்றவேண்டாம், கதையின் பலமே அதுதான். அவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்யட்டும்; அந்தச் சரியே அவரை மாட்டிவிடட்டும். அந்த உருண்டை செய்மதியின் எரிபொருள் தாங்கி; அது பெரும்பாலும் டைட்டேனியம். அது உருக ஏறத்தாழ 1,670 பாகை செல்சியஸ் வேண்டும். அதனால்தான் சில தாங்கிகள் எரியாமல் முழுசாக விழுகின்றன. உள்ளே ஹைட்ரசீன் என்ற நச்சு எரிபொருள் மிச்சமிருந்தால் அமோனியா போல மணக்கும். சிக்கல் என்னவென்றால், மூக்குக்கு மணம் தெரியும்போதே அளவு பாதுகாப்பு எல்லையைத் தாண்டியிருக்கும். சிவப்புத் தடி நட்டுவிட்டு, தள்ளித்தான் நிற்கிறோம் என்ற நம்பிக்கையில் உருண்டையிலிருந்து காற்று வந்து சேரும் பக்கத்தில் காவல் நிற்பார். கண் எரியும், தலை சுற்றும். அவர் பயிற்சி வெடிக்கானது, ஆவிக்கானதல்ல. இந்தத் தவறை யாரும் நம்புவார்கள்.

காற்றின் திசையை முன்காட்சியிலேயே காட்டிவிடுங்கள், குளத்து அலை போதும்.

யாராவது தொட்டே ஆகவேண்டுமென்றால் பழைய இரும்பு சேர்ப்பவரை அனுப்புங்கள். கிலோவுக்குக் காசு, வேறு காரணம் தேவையில்லை.