தன்பாலீர்ப்பாளர் என்று விளையாட்டு வீரர்கள் ஊரறியச் சொல்வது ஏன்? ஆட்டத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

ஆட்டத்தை மட்டும் பார்க்க நானும் தயார்தான். ஆனால் அவர்களை யாரும் ஆட்டத்தோடு விட்டுவைப்பதில்லையே.

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். மாநிலப் போட்டிக்குப் போய்வந்த பிள்ளையிடம் எத்தனை வினாடியில் ஓடினாய் என்று எங்கள் ஊரில் கேட்பவர்கள் குறைவு. "வேலை கிடைச்சிருச்சா? எப்பக் கல்யாணம்?" இதுதான் கேள்வி. நகரத்தார் வீடுகளில் கல்யாணம் ஆன பிறகுதான் தம்பதியை ஒரு 'புள்ளி'யாக, அதாவது தனிக் குடும்பமாக, கோயில் கணக்கில் சேர்ப்பார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஏடு இல்லாவிட்டாலும் மனசில் ஓடுவது அதே கணக்குதான். இப்படி ஓர் ஊரில் ஒரு பையன் 'எனக்குப் பெண் பார்க்க வேண்டாம்' என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் விடுவார்களா? ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பொய் சொல்லியாக வேண்டும். முகாமில், விடுதியில், பேருந்துப் பயணத்தில் எல்லாரும் வீட்டுக் கதை பேசும்போது இன்னொரு பொய்.

அதைவிடப் பெரிய விஷயம், ரகசியம் சும்மா கிடக்காது. யாராவது ஒருவர் கையில் பிடியாகச் சிக்கும்.

டூட்டி சந்தைப் பாருங்கள். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கியவர். 2019 மே மாதம், தன் ஊர்ப் பெண் ஒருத்தியை விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். வீட்டுக்குள்ளிருந்தே பணம் கேட்டு மிரட்டல் வந்ததால்தான் சொல்ல நேர்ந்தது என்றார். வீட்டார் வேறு மாதிரி சொன்னார்கள். நாடு முழுக்க வாழ்த்து குவிந்தது, அம்மாவும் அக்காவும் ஏற்கவில்லை. அந்த ஜூலையில் நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். வீட்டில் அத்தனை புகைச்சலை வைத்துக்கொண்டு தொடக்கக் கோட்டில் குனிந்து நிற்க எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று ஓட்டம் சொல்லித்தருகிற எனக்குத் தெரியும்.

டென்னிஸில் பில்லி ஜீன் கிங்குக்கு, தானாகச் சொல்லும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. 1981இல் முன்னாள் துணைவி வழக்குப் போட்டதில் விஷயம் வெளியே வந்தது. விளம்பர ஒப்பந்தங்கள் ஏறக்குறைய அத்தனையும் ஒரே நாளில் போயின.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பேரில் அந்தப் பதக்கம் பறிபோனது. அவர் கதை தன்பாலீர்ப்பு பற்றியதல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் ஒரு வீராங்கனையின் அந்தரங்கத்தை அவரைக் கேட்காமல் தொலைக்காட்சிகள் கூவி விற்றால் என்ன ஆகும் என்பதை இந்தச் சீமை நேரில் பார்த்தது. செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போகும் நிலை வந்தது அவருக்கு. பயிற்சியாளராக அவர் எழுந்து நின்றது அதற்கெல்லாம் பிறகு. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தன்னைப் பற்றிய சேதியைத் தானே, தனக்குத் தோதான நாளில், தன் வாயால் சொல்வது ஒரு வீரருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு அவர் கதையில்தான் உறைத்தது.

சொன்ன பிறகு என்ன நடக்கிறது? காலம் மாறியிருக்கிறது, உண்மைதான். ஜஸ்டின் ஃபஷானு, ஒரு மில்லியன் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் கறுப்பினக் கால்பந்து வீரர். 1990இல் அவர் சொன்னபோது உடன்பிறந்த தம்பியே பகிரங்கமாக ஒதுக்கினார். 1998இல் ஃபஷானு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கிலாந்துத் தொழில்முறை ஆண்கள் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல அடுத்தவர் வர 2022 ஆனது: பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், வயது 17. அவர் பக்கம் அணியும் சங்கமும் நின்றன. ஆஸ்திரேலியாவின் ஜோஷ் கவாலோ 2021 அக்டோபரில் சொன்னபோதும் உலகமே வாழ்த்தியது. மூன்றே மாதத்தில் மெல்போர்ன் மைதானத்தில் கூட்டத்தில் சிலர் அவரை அசிங்கமாகத் திட்டினார்கள்.

பெண்கள் கிரிக்கெட்டில் நிலைமை கொஞ்சம் இலகு. நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வெயிட், லீ டஹூஹூ இருவரும் ஒரே அணியில் ஆடிய தம்பதி. இங்கிலாந்தின் நாட் சிவரும் கேத்தரின் பிரண்ட்டும் அப்படித்தான். ஆண்களில், 2011இல் சொன்ன இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. 'ஆம்பளைன்னா இப்படித்தான்' என்று ஆடுகளத்தில் போட்டுவைத்திருக்கும் சட்டம் அவ்வளவு இறுக்கம். மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் பழைய மாணவன் ஒருவன், நல்ல ஓட்டக்காரன், வேலைக்குப் போன பிறகு போனில் சொன்னான்: "டீச்சர், வீட்ல பொண்ணு பாக்குறாங்க. எனக்குப் பொண்ணுங்க மேல அப்படி நெனப்பே வந்ததில்ல. அப்பத்தாகிட்ட என்னன்னு சொல்வேன்?" அவன் பயந்தது ரசிகர்களுக்கோ பத்திரிகைக்கோ இல்லை, அப்பத்தாவுக்கு. அவனுடைய அம்மா, டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும் என்று நம்பினார். இது நோயல்ல என்று பொறுமையாகச் சொன்னேன். அப்படி 'மாற்றுகிறேன்' என்று கிளம்பும் சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டதையும், வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். அம்மா இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. பெண் பார்ப்பது மட்டும் நின்றிருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையும் வீணாகாமல் தப்பியது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பையனுக்கு டூட்டியின் பெயர் தெரிந்திருந்தது. "அவங்க சொன்னாங்கல்ல டீச்சர்" என்றான். ஏன் ஊரறியச் சொல்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேரடிப் பதில் அதுதான்.

அப்புறம், நீங்கள் பயிற்சியாளராகவோ அணித் தலைவராகவோ இருந்தால் ஒன்று செய்யலாம். மெதுவாக ஓடும் பையனைப் 'பொட்டை', 'ஒம்போது' என்று திட்டும் பழக்கம் நம் மைதானங்களில் ரொம்ப நாளாக இருக்கிறது. என் மைதானத்தில் அதற்கு இடமில்லை. சொன்னவன் பெரிய மேட்ச்சில் ஆடவேண்டிய ஆளாக இருந்தாலும் அன்றைக்கு வெளியேதான் உட்காருவான்.