வயலும் மாடும் மனைவியும்: அழைப்பைத் தட்டிக்கழிப்பது பற்றிய கேள்வி பதில்

மும்பையின் சயன், தாராவி, செம்பூர், கல்யாண் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வேதபாடத்தில் இம்முறை லூக்கா 14-ஆம் அதிகாரத்திலுள்ள பெரிய விருந்தின் உவமையைப் படித்தோம். ஒருவன் விருந்துக்குப் பலரை அழைக்கிறான். விருந்து வேளையில் ஆள் அனுப்பும்போது, வயல் வாங்கினேன் என்று ஒருவனும், ஐந்து ஏர் மாடு வாங்கினேன் என்று ஒருவனும், பெண்ணை மணந்தேன் என்று ஒருவனும் வர மறுக்கிறார்கள். எஜமான் கோபங்கொண்டு, தெருக்களிலிருக்கும் ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் கூட்டிவரச் செய்கிறான்; பின்னும் இடம் இருக்கவே, வேலியருகே இருப்பவர்களையும் கூட்டிவரச் சொல்கிறான். பாடத்துக்குப் பின் எழுத்தில் வந்த கேள்விகளுக்கு, சபை மூப்பன் என்ற முறையில் என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி (செம்பூர், பள்ளி ஆசிரியை): நிலம் வாங்குவதும் மாடு பிடிப்பதும் கல்யாணம் செய்வதும் பாவமா, ஐயா? மன்னிக்க வேண்டும் என்று மரியாதையாகத்தானே சொல்லி அனுப்புகிறார்கள்? எஜமானுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது?

பதில்: பாவமே இல்லை, அம்மா. இந்த உவமை நம்மைச் சங்கடப்படுத்துவதும் அதனால்தான். திருடப் போகிறேன், குடிக்கப் போகிறேன் என்று அங்கே ஒருவனும் சொல்லவில்லை. மூன்றும் நியாயமான, வேதம் ஏற்றுக்கொண்ட காரியங்கள். கெட்டது ஒருவனைத் தேவனிடமிருந்து பிரிக்கிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். நல்லதும் அதே வேலையைச் செய்யும் என்பதைத்தான் நாம் கேட்க விரும்புவதில்லை.

கோபத்தின் காரணம் அழைப்பின் முறையில் இருக்கிறது. அந்நாட்களில் முதலில் ஓர் அழைப்பு போகும். வருகிறேன் என்றவர்களுக்கு, சமைத்து முடித்தபின் மறுபடியும் ஆள் வந்து கூப்பிடுவார்கள். எஸ்தர் புத்தகத்தில் ஆமானை விருந்துக்கு அழைத்துப் போக அரண்மனை ஆட்கள் வீடு தேடி வருவது இப்படித்தான். நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீட்டில், பத்திரிகை வாங்கும்போது தலையாட்டிவிட்டு, இலை போட்டுப் பந்திக்குக் கூப்பிடும் நேரத்தில் வயலுக்குப் புறப்படுகிறவனை என்னவென்று சொல்வோம்? "எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்" என்ற செய்தி வந்தபோது, அந்த வீட்டில் இனிச் சமைக்க ஒன்றுமில்லை. உண்பதற்கு ஆள்தான் வேண்டியிருந்தது.

இனி அவர்கள் சொன்னவற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். வயலைப் பார்க்காமல் எவனும் பணம் கொடுப்பதில்லை. பார்த்துத்தான் வாங்கியிருப்பான், அது நாளைக்கும் அங்கேயேதான் கிடக்கும். ஐந்து ஏர் என்றால் பத்து மாடுகள். அத்தனை மாடுகளைப் பூட்டுகிறவன் பெரிய பண்ணைக்காரனாயிருப்பான், சோதித்துப் பார்க்க அவனிடம் வேலையாள் இல்லாமலா போனான்? மூன்றாமவனின் பதிலே மிகவும் கடுமையானது. மற்ற இருவரும் மன்னிக்கும்படி வேண்டிக்கொள்ள, இவன் வரமுடியாது என்று சொல்லிக் கதவை அடைக்கிறான். புதிதாக மணந்தவன் ஒரு வருஷம் போருக்குப் போகவேண்டாம் என்று உபாகமம் 24-இல் சட்டம் உண்டு. அந்தச் சலுகை போருக்கும் அவன்மேல் சுமத்தப்படும் வேலைகளுக்கும் உரியது, விருந்துக்கு அல்ல. அதைக் காட்டி அவன் விருந்தைத் தவிர்க்கிறான்.

இன்னொன்று. இந்த உவமை, பக்தியில் கண்டிப்பான யூதப் பிரிவினரான பரிசேயரின் தலைவன் ஒருவனுடைய வீட்டுப் பந்தியில் சொல்லப்பட்டது. தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம்பண்ணுகிறவன் பாக்கியவான் என்று ஒருவர் பக்தியோடு சொன்னதற்குப் பதிலாகவே இயேசு இதைச் சொன்னார். ஆகையால், சபையிலேயே பிறந்து, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கி வளர்ந்த நாமே முதல் அழைப்பைப் பெற்றவர்கள். வெளியிலிருப்பவர்களை நோக்கி இந்த உவமையை நீட்டுகிற பிரசங்கங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவை திசை தவறியவை என்பது என் எண்ணம்.

கேள்வி (தாராவி, இட்லி வியாபாரம்): ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வியாபாரம் அதிகம். ஆராதனைக்கு வர முடிவதில்லை. நானும் அந்த மாட்டுக்காரனைப் போலச் சாக்குச் சொல்கிறேனா?

பதில்: இல்லை, தம்பி. நள்ளிரவு தாண்டியதும் எழுந்து அடுப்பு மூட்டி, ஈரத்துணி விரித்த தட்டுகளில் மாவு ஊற்றி, வெந்ததை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிச் சட்னி வாளியோடு சைக்கிளில் கட்டி, விடிவதற்குள் மாதுங்காவுக்கும் தாதருக்கும் புறப்படும் வீடுகளை நான் அறிவேன். நீங்கள் போகாவிட்டால் அன்றைக்கு வீட்டில் உலை இல்லை. பத்து மாடு வைத்திருந்தவனுடைய பதிலையும் உங்கள் நிலையையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

மேலும் இரட்சிப்பின் அழைப்பும் பத்து மணி ஆராதனையும் ஒன்றல்ல. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, பரதீசின் வாக்கைப் பெற்ற கள்ளன் எந்த ஆராதனைக்கும் வரவில்லை; யோவான் 4-இல் சமாரியப் பெண்ணிடம் கர்த்தர் பேசியது, அவள் தண்ணீர் மொள்ள வந்த கிணற்றங்கரையில். பாத்திரம் காலியாகித் திரும்பும் பகல் நேரத்தில் நீங்கள் ஜெபிக்கலாம். எங்கள் சபையில் மாலை ஆராதனை வேண்டும் என்று மூப்பர் கூட்டத்தில் கேட்பது என் பொறுப்பு. ஆனால் வியாபாரம் இல்லாத நாளிலும் மனம் வர மறுக்கிறதா என்பதை மட்டும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஐரோலி, மென்பொருள் பணி, வயது 24): கள்ளன் கடைசி நிமிஷத்தில் மனந்திரும்பிப் பரதீசுக்குப் போனானே. எனக்கும் வயது இருக்கிறது. அப்புறம் பார்த்துக்கொண்டால் என்ன?

பதில்: மின்சார ரயிலில் தொங்கிப் போகிறாய், நாளைக்கு உயிரோடு இருப்பாயா என்று கேட்டு உன்னைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அப்படிப் பேசும் கூட்டங்களில் பயந்து கை தூக்கியவர்கள், பயம் தெளிந்ததும் கையை இறக்கிவிடுவதைத்தான் பார்க்கிறோம்.

உன் வாதத்தை இரண்டு பேரை வைத்துச் சோதிப்போம். செசரியாவில் இருந்த ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ், நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் பற்றி, கைதியாயிருந்த அப்போஸ்தலன் பவுல் பேசக் கேட்டுப் பயந்து, "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். அவனுக்குச் சமயம் கிடைக்காமல் போகவில்லை. பவுலைப் பலமுறை அழைத்துப் பேசினான். லஞ்சம் கிடைக்குமா என்று பார்த்தான். இரண்டு வருஷம் கழிந்து, பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான் என்று அப்போஸ்தலர் 24 சொல்கிறது. முதல் நாள் வந்த நடுக்கம் பின்னொரு நாளும் வந்ததாக அங்கே எழுதப்படவில்லை. தள்ளிப்போடுகிறவன் நேரத்தை மட்டும் இழப்பதில்லை, கேட்கும் காதையும் மெல்ல மெல்ல இழக்கிறான்.

மற்றவர், சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின். 354-இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். வாலிபத்தில் அவர் செய்த ஜெபம் பிரசித்தமானது: எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்பொழுதே வேண்டாம். 386-இல் மிலான் நகரில் மனந்திரும்பி, மறு வருஷம் அந்நகரப் பேராயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு 32 வயது. நம் கணக்கில் அது இளமைதான். அப்படியிருந்தும், உம்மை இவ்வளவு தாமதமாக நேசித்தேனே என்று பின்னாளில் தேவனிடம் வருந்தினார். தண்டனைக்குப் பயந்து எழுந்த வார்த்தை அல்ல அது. நல்லதை வைத்துக்கொண்டே பட்டினி கிடந்தேனே என்ற ஏக்கம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்கள், இரட்சிப்பைச் சாவுக்குப் பின் மட்டும் பயன்படும் ஒன்றாக நினைக்கிறார்கள்; உன் கேள்வியிலும் அந்த நினைப்பு இருக்கிறது.

கள்ளனைப் பற்றி: அவன் முந்திய அழைப்பு எதையாவது ஒத்திப்போட்டான் என்று லூக்கா எழுதவில்லை. கிடைத்த வேளையில் கேட்டுக்கொண்டான். அவனைப் பின்பற்றுவதானால் இன்றைக்கே கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி (தாராவி, தோல் பட்டறைத் தொழிலாளி): எங்களைச் சபையில் எங்கே உட்காரச் சொல்கிறார்கள், யார் வீட்டில் பெண் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து சாதியை மூட்டை கட்டி மும்பைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். இவர்கள் இருக்கும் இடத்துக்கு நான் ஏன் வர வேண்டும்?

பதில்: சபையில் மாய்மாலக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பலர் பொதுவாகச் சொல்வதை நான் சாக்கு என்றே எடுத்துக்கொள்வதுண்டு, வங்கியில் கள்ள நோட்டு வருகிறது என்று யாரும் சம்பளத்தை வேண்டாம் என்பதில்லை. உங்கள் கேள்வி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இது குற்றச்சாட்டு, அதுவும் உண்மையான குற்றச்சாட்டு.

பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தியவனுக்குக் காலடியும் காட்டுகிறவர்களை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் தகாத சிந்தனையுள்ள நியாயாதிபதிகள் என்கிறது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு உண்டுகொண்டிருந்தவர், யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அதை அப்போஸ்தலர்களுக்குள் வந்த சின்ன மனஸ்தாபம் என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதமான நடத்தை என்று எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். கலாத்தியர் 2-இல் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுப்பது அவ்வளவு பெரிய குற்றம்.

உவமையில் கடைசியில் வீடு யாரால் நிறைகிறது என்று பாருங்கள். தெருவிலும் வேலியருகிலும் இருந்தவர்களால். உங்களோடு பந்தியில் அமர மறுக்கிறவன், வயலும் மாடும் சொன்னவர்களைப் போலவே விருந்தை மறுக்கிறான். அவன் சொல்லும் சாக்கின் பெயர் சாதி. அவன் பொருட்டு நீங்கள் உங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பொறுத்துப்போங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கேளுங்கள், எழுதுங்கள், கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன்.

கேள்வி (முலுண்டு, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, முடிந்த தர்மம் செய்கிறேன். எனக்கு என்ன குறை?

பதில்: அப்போஸ்தலர் 10-இல் வரும் ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவும் உங்களைப் போன்றவர்தான். அவருடைய தர்மமும் ஜெபமும் தேவசந்நிதியில் எட்டின என்று தூதனே சொல்கிறான். சொன்ன கையோடு, யோப்பாவுக்கு ஆள் அனுப்பிப் பேதுருவை வரவழை என்றும் சொல்கிறான். நற்குணம் அவருக்குத் தடையாகவில்லை. அது போதும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் தடையாகியிருக்கும்.

கேள்வி (சயன் கோலிவாடா, பெயரும் தொழிலும் எழுதவில்லை): நான் குடிகாரன். பலமுறை விட்டு மறுபடி விழுந்தவன். என்னைப் போன்றவன் எந்த முகத்தோடு வருவது?

பதில்: தாழ்மை போலத் தோன்றும் இந்த வார்த்தையும் அழைப்பைத் தள்ளும் வார்த்தைதான் என்று அன்போடு சொல்கிறேன். தகுதி இல்லை என்று சொல்வதானால் அழைத்தவரே சொல்ல வேண்டும். நீங்கள் ஏன் முந்திக்கொள்கிறீர்கள்? "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று யோவான் 6:37-இல் இருக்கிறது. திருந்திய பிறகு வா என்று அங்கே இல்லை. அதேநேரம், குடியை விட மருத்துவ உதவியும் தேவைப்படலாம்; மருத்துவரைப் பார்ப்பதை விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி (சயன், கிறிஸ்தவப் பெண்ணை மணந்த இந்து நண்பர்): "வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்று அதே உவமையில் எஜமான் சொல்கிறாரே. வருந்தி என்றால் வற்புறுத்தி என்றுதானே பொருள், இது கட்டாயம் அல்லவா? வர விருப்பமில்லை என்பதைச் சாக்கு என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

பதில்: நியாயமான கேள்வி. இந்த வசனம் வரலாற்றில் கொடுமையாகவே பயன்பட்டிருக்கிறது. மேலே நான் புகழ்ந்த அதே அகஸ்டின், 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்கச் சபையிலிருந்து பிரிந்துபோன டொனாட்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவர்களை அரசின் சட்டத்தால் நெருக்கிச் சபைக்குள் சேர்ப்பதற்கு இதே வசனத்தை ஆதாரம் காட்டினார். ஆரம்பத்தில் அவரே வற்புறுத்தல் கூடாது என்றவர். பிறகு மனம் மாறினார். அந்த மாற்றம் தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உவமையையே பாருங்கள். போனவன் ஒரு வேலைக்காரன். அவன் கையில் ஆயுதம் இல்லை. வரமாட்டேன் என்ற மூவரையும் யாரும் இழுத்துவரவில்லை. அவர்கள் பதில் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வற்புறுத்தச் சொன்னது வேலியோரத்தில் கிடந்தவர்களை. இவ்வளவு பெரிய வீட்டில் தனக்கு இடமா என்று கூசுகிறவனை, மெய்யாகவே உனக்குத்தான் என்று நம்பவைக்கும் வற்புறுத்தல் அது. சாக்கு என்பதைப் பொறுத்தவரை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். யோசித்து, உங்கள் மனச்சாட்சிப்படி மறுக்கிற உங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்ட மாட்டேன். உங்கள் மனைவியோடு பாடத்துக்கு வந்து இப்படியே கேளுங்கள்.

கேள்வி (கல்யாண், குடும்பத்தலைவி): என் தகப்பனார் வாழ்நாள் முழுவதும் மறுத்தே வந்தவர், இப்போது படுக்கையில் இருக்கிறார். அழைக்கப்பட்டவர்களில் ஒருவனும் என் விருந்தை ருசிபார்ப்பதில்லை என்று உவமை முடிகிறதே. அவருக்கு வழியே இல்லையா?

பதில்: அந்த வாக்கியம் வராமலே இருந்துவிட்டவர்களைப் பற்றியது, மகளே. மாட்டேன் என்று சொன்ன நாளோடு எல்லாம் முடிந்தது என்பதல்ல அதன் பொருள். மத்தேயு 21-இல் இரண்டு குமாரர்களின் உவமை இருக்கிறது. திராட்சத்தோட்டத்துக்குப் போ என்றதும் ஒருவன் மாட்டேன் என்றான். பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான். போகிறேன் ஐயா என்ற மற்றவன் போகவில்லை. தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் முதல்வனே என்று கேட்டவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அவரிடம் வாதாட வேண்டாம். பலர் கூடிப் படுக்கையைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபிக்கவும் வேண்டாம், அது நோயாளியை நெருக்கும். முதலில் அவர் இத்தனை வருஷம் மறுத்ததற்கு என்ன காரணம் என்று கேளுங்கள். ஒருவேளை அதை இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். என்னோடு பேச அவருக்குச் சம்மதமா என்றும் கேட்டுத் தெரிவியுங்கள். சம்மதம் என்றால் சனிக்கிழமை மாலை வருகிறேன்.