குட்டி வாங்கறதா, வளர்ந்த நாயைத் தத்தெடுக்கறதா?

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், சென்னைல மூணாவது மாடி ஃப்ளாட், பகல்ல மாமியார் மட்டும்தான் இருப்பாங்க, பையன் லேப் (லேப்ரடார்) குட்டிதான் வேணும்னு அடம், என்ன பண்ணலாம்னு கேட்டிருக்கீங்க. மாமியாருக்கு மூட்டு வலின்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதான் கண்ணுல பட்டுச்சு.

ஏன்னா குட்டி வந்தா வளர்க்கப் போறது பையன் இல்ல, அவங்க. 2 மாசக் குட்டியால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல மூத்திரத்த அடக்க முடியாது, சாப்ட்டா போகும், தூங்கி எந்திரிச்சா போகும், விளையாடிட்டே இருக்கும்போது டக்குனு நின்னு போகும், ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் குனிஞ்சு தொடைக்கணும், டைல்ஸ் தரை வேற, வழுக்கினா அவ்ளோதான். சரி கீழ கூட்டிட்டுப் போய் பழக்கலாம்னா அதுவும் உடனே நடக்காது. 6-8 வாரத்துல ஆரம்பிக்கற தடுப்பூசி 16 வாரம் வரைக்கும் இழுக்கும், அதுக்குள்ள தெருநாய்ங்க நடமாடற இடத்துல விட்டா பார்வோங்கற வைரஸ் நோய் வர வாய்ப்பு ஜாஸ்தி, வாந்தியும் ரத்த பேதியுமா ரெண்டு மூணு நாள்லயே குட்டி போயிடலாம். அப்புறம் பல்லு விழுந்து முளைக்கற சீசன். எங்க அண்ணன் வீட்டு லேப் தேக்குக் கட்டில் கால அணில் கடிச்ச கொய்யா மாதிரி ஆக்கி வச்சுது, அண்ணி இன்னும் அதை மாத்தல, வர்றவங்களுக்கெல்லாம் காட்டறதுக்குன்னே வச்சிருக்காங்க.

எங்க வீட்ல இருக்கறது தத்தெடுத்த நாட்டு நாய், பொட்டை. காதுல சின்ன வெட்டு இருக்கும், கருத்தடை பண்ண அடையாளம். நாலஞ்சு வயசு இருக்கும்னு டாக்டர் பல்லப் பாத்து சொன்னார். வந்த புதுசுல குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடில போயிரும், நாங்க ரூமை விட்டு வெளிய வந்தாதான் தட்டுல வாய வைக்கும். ஒருநாள் அம்மா தரைல உக்காந்து வெண்டைக்கா நறுக்கிட்டு இருந்தாங்க, மெதுவா வந்து காம்ப மோந்து பாத்துட்டு அங்கயே படுத்துச்சு, அப்புறம் அம்மாவ விட்டு நகர்றதே இல்ல. பெரிய நாய் ஒட்டாதுன்னு சொல்றவங்க கிட்ட நான் வாதாடறதில்ல, வீட்டுக்கு வந்து பாருங்கன்னுடுவேன். காலைல ஒரு வாக், சாயங்காலம் ஒரு வாக், பகல் பூரா தூக்கம்.

சிக்கல் இல்லாம இல்ல. முன்னாடி என்ன பட்டுச்சோ நமக்குத் தெரியாது, எங்களுது இன்னிக்கும் துடைப்பத்த ஓங்கினா நடுங்கும். அதனால வேளச்சேரி ப்ளூ கிராஸ் மாதிரி காப்பகத்துக்குப் போனா போட்டோ பாத்து முடிவு பண்ணாதீங்க, பையனையும் மாமியாரையும் கூட்டிட்டு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை போங்க, கயித்தப் புடிச்சு நடத்திப் பாருங்க, இழுக்கற நாய் உங்களுக்கு சரிப்படாது. குழந்தைங்களோட பழகியிருக்கான்னு பாத்துக்கறவங்க கிட்ட கேளுங்க. எடுத்த வாரமே உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்த டெஸ்ட் பண்ணிடுங்க, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிலயே பாக்கலாம்.

இல்ல குட்டிதான்னு முடிவானா உங்கள்ல ஒருத்தர் லீவு போட முடியற சமயமா பாத்து எடுங்க, 8 வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாதுன்னு 2017லயே ரூல் வந்தாச்சு, 40 நாள் குட்டின்னு எவனாவது நீட்டினா அங்கேர்ந்து கெளம்பிருங்க.