சனிக்கிழமைப் பயிலரங்குக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகிலுள்ள டோங்காட்டிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பு மகளைப் பள்ளியில் நீர்விநியோக வடிவமைப்புப் போட்டிக்குச் சேர்த்திருக்கிறார்கள், அதற்கான பயிலரங்கு சனிக்கிழமை நடக்கிறது, அன்றைய டியூஷன் தவறினால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் அனுப்புங்கள்.

தென்னாப்பிரிக்க சிவில் பொறியாளர் கழகம் நடத்தும் ‘அக்வாலிப்ரியம்’ போட்டி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 3 லிட்டர் தண்ணீரை மூன்று இடங்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். கையில் இருப்பவை இரண்டு வெவ்வேறு அகலமுள்ள குழாய்களும் இணைப்புத் துண்டுகளும் மட்டுமே. கேட்க எளிது. செய்து பார்த்தால் பக்கத்திலுள்ள பாத்திரம் நிரம்பி வழியும், தூரத்துப் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் உராய்வில் அழுத்தம் அதிகமாகக் குறைந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் இந்த உண்மை, பிள்ளையின் கண்ணெதிரே பாத்திரத்தில் வந்து நிற்கிறது. அப்படியானால் அருகில் போகும் வழிக்கு ஒடுக்கமான குழாயும் தொலைவுக்கு அகலமான குழாயும் போட்டுப் பார்ப்போமா என்று அவளே யோசிப்பாள். அந்த யோசனைக்காகத்தான் அனுப்பச் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர்க் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் லாரிக்காகக் காத்திருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாளி தூக்கிய பிள்ளைக்குத் தண்ணீரைப் பங்கிடுவது வெறும் விளையாட்டாகத் தோன்றாது.

ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது நீங்களோ அவள் அப்பாவோ கை வைக்காதீர்கள். தண்ணீர் தரையில் ஓடட்டும், துடைத்துக்கொள்ளலாம். பாலம் கட்டும் போட்டிக்குத் தயாரான ஒரு மாணவனை எனக்குத் தெரியும். பசை காயுமுன்னே எடை தொங்கவிட்டான். குச்சி ஒன்றுகூட முறியவில்லை, மூட்டு பிரிந்து பாலம் சரிந்தது. அப்பா ஓடிவந்து ஒட்டிக் கொடுத்துவிட்டார். மறுவாரம், “ஏன் விழுந்தது?” என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. எனக்கு மனம் வலித்தது.

மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எந்தக் குழாயை மாற்றினாள், மூன்று பாத்திரங்களிலும் எத்தனை மில்லிலிட்டர் நின்றது என்று ஒவ்வொரு முறையும் எழுதட்டும். ஆராய்வது, வடிவமைப்பது, செய்வது, மதிப்பிடுவது, எடுத்துரைப்பது என்று தொழில்நுட்பப் பாடத்தில் அவள் படிக்கும் ஐந்து படிகளும் அதில் வந்துவிடும். எஸ்காம் எக்ஸ்போ போன்ற அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எனக்குப் பெரிய கவலை இதில்தான். பத்தாம் வகுப்புக்கு இந்த ஆண்டு பாடங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். கணிதத்தில் மதிப்பெண் சற்று இறங்கினால், அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் எளிய பாடமான, ‘மேத்ஸ் லிட்’ என்று பிள்ளைகள் சொல்லும் கணித எழுத்தறிவுக்கு மாறிவிடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். மாறினால் மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் எண்கள் அழகாக இருக்கும், ஆனால் பொறியியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க வழி இருக்காது. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்குக் கணிதமும், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த இயற்பியல் அறிவியல் பாடமும் வேண்டும். பொறியியல் வரைபடப் பாடம் அவளுக்குப் பிடித்திருந்தால் மூன்றாவதாக எடுக்கட்டும்; அது இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். கணிதத்தை விட்டுவிட்டுப் பின்னால் பிடிப்பதுதான் மிகக் கடினம்.

டியூஷனை வாரநாள் மாலை ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பாடத்தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் அவளுடைய கணித ஆசிரியரை நேரில் பாருங்கள். போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.