பாம்பன் பாலத்தை அட்டையில் செய்தால் கை ஏன் நிற்பதில்லை?

பாம்பன் பழைய ரயில் பாலத்தின் திறக்கும் பகுதியான ‘கை’யை அட்டையில் செய்து, ஓரத்தில் குண்டூசி குத்தித் தூக்கினால் கை உடனே விழுந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எதிர் எடை இல்லாததுதான் காரணம். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இரு கைகளும் ஷெர்சர் முறையில் அமைந்தவை. வளைந்த அடிப்பாகம் பாதையின் மேல் உருண்டு பின்வாங்கும். பின்னாலுள்ள எடை கையின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு அழகான யோசனை!

ஆகவே ஊசியை எடுத்துவிட்டு, அடிப்பாகத்தைக் கால்வட்டமாக வெட்டுங்கள். வட்டத்தின் மையத்திலிருந்து அளந்து கணக்கிடுங்கள்: 10 கிராம் எடையுள்ள கையின் ஈர்ப்பு மையம் 10 செ.மீ. தொலைவில் இருந்தால், எதிர்ப்புறம் 4 செ.மீ. தொலைவில் 25 கிராம் வேண்டும். நாணயங்களை ஒட்டலாம். கையின் ஈர்ப்பு மையம், வட்ட மையம், நாணயங்கள் மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தால் எந்தச் சாய்விலும் கை அப்படியே நிற்கும். வளைவு வழுக்கினால் உப்புத்தாள் ஒட்டுங்கள்.

பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் ஐப்பசி ஈரக்காற்றில் அட்டை நமுத்துப்போகும். மூன்று மெல்லிய அட்டைகளை இழை குறுக்காக வரும்படி ஒட்டி, வார்னிஷ் பூசுங்கள். இருபுறமும் பூச வேண்டும். ஒருபுறம் மட்டும் பூசிய என் முதல் கை படகுபோல் வளைந்துவிட்டது.