பறவை இருக்கும் வீட்டில் கரப்பான் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஜோடி பட்ஜியும் ஒரு காக்கட்டீலும் இருக்கின்றன. சமையலறையில் கரப்பான் பெருகிவிட்டது. கூண்டைச் சுற்றி எப்போதும் எறும்பு. பூச்சி ஒழிப்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, “இது வாசனையே இல்லாத மருந்து, பறவையை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், ரெண்டு மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்” என்கிறார். நம்பலாமா? வேறு வழி உண்டா?

பதில்: அவர் சொல்கிறபடி அடிக்க விடாதீர்கள். கரப்பானை ஒழிக்கலாம், எறும்பையும் நிறுத்தலாம். இரண்டுக்குமே ஸ்பிரே தேவையில்லை.

வாசனை இல்லை என்பது நம் மூக்குக்கு ஆறுதல், அவ்வளவுதான். பழைய மருந்துகளில் குப்பென்று அடித்த வாடை பெரும்பாலும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களிலிருந்து வந்தது. இப்போது தண்ணீரில் கலந்து அடிக்கும் டெல்டாமெத்ரின், சைஃப்ளூத்ரின், இமிடாகுளோப்ரிட் போன்றவற்றில் வாடை மிகக் குறைவு. ஆனால் அடித்த இடத்தில் வாரக்கணக்கில் தங்கிப் பூச்சியைக் கொல்லவே அவை தயாரிக்கப்படுகின்றன. இரண்டு மணி நேரம் என்பதும் மருந்து காய்ந்தபின் மனிதர்கள் உள்ளே வருவதற்கான கணக்கு. 35 கிராம் எடையுள்ள ஒரு பட்ஜியை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இல்லை.

பறவை ஏன் இவ்வளவு சீக்கிரம் பாதிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம். நமக்குக் காற்று நுரையீரலுக்குள் போய், போன வழியே திரும்புகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு, பெரும்பாலான இனங்களில் ஒன்பது. அவை துருத்தி மாதிரி இயங்கி, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் காற்றை நுரையீரலின் வழியாக ஒரே திசையில் செலுத்துகின்றன. பறப்பதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் இப்படித்தான் கிடைக்கிறது. காற்றில் நஞ்சு கலந்திருந்தால் அதுவும் அதே சுறுசுறுப்போடு ரத்தத்துக்குப் போய்விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் பட்ஜியே நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விடும். நமக்கு 12 முதல் 20 வரைதான்.

அதனால் பறவை வீட்டில் என்ன மருந்து என்று கேட்பதற்கு முன், எந்த வடிவில் என்று கேட்க வேண்டும். காற்றில் மிதக்கும் எதுவும் வேண்டாம்: ஸ்பிரே, புகை, ஆவி, தூள். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பதைப் பற்றி யோசிக்கலாம். உதாரணத்துக்குப் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைப் பாருங்கள். பறவையின் மேல் இருக்கும் பேனுக்கு மருத்துவர்களே அதை அளவறிந்து பயன்படுத்துவதுண்டு. அதே பொருள் ஏரோசால் டப்பாவிலிருந்து நுண்துளியாக, கரைப்பானோடும் உந்துவாயுவோடும் சேர்ந்து வரும்போது கதையே வேறு.

இதற்கு ஒரு விதிவிலக்கு, குளோர்பைரிஃபாஸ், டைகுளோர்வாஸ், புரோபாக்ஸர் போன்ற ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகள். இவை நரம்பைத் தாக்குபவை. பாலூட்டிகளைவிடப் பறவைகள் இவற்றுக்கு மிக எளிதில் பலியாகும். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால் எந்த வடிவமானாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரி, கரப்பானுக்கு என்ன செய்வது?

ஜெல்தான். சிரிஞ்சில் வரும் கரப்பான் ஜெல்லை அலமாரிக் கீல்களின் இடுக்கு, சிங்க்கின் அடிப்பகுதி, ஃபிரிட்ஜின் மோட்டார் பக்கம், குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை என்று கரப்பான் பகலில் பதுங்கும் இடங்களில் துளித் துளியாக வைக்க வேண்டும். ஒரு இடத்தில் பெரிதாக அப்புவதைவிடப் பல இடங்களில் சின்னச் சின்னதாக வைப்பதே பலன் தரும். தின்ற கரப்பான் உடனே சாகாது. பதுங்குமிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். வெளியே இரை தேட அதிகம் வராத குஞ்சுகளையும் ஜெல் எட்டுவது இப்படித்தான். ஸ்பிரேயால் இது முடியாது.

ஆனால் ஜெல் வைத்தபின் சிலர் பொறுமை இல்லாமல் அதே இடத்தில் ஸ்பிரேயும் அடிப்பார்கள். அப்புறம் கரப்பான் அந்த ஜெல்லின் பக்கமே வராது. இன்னொன்று, சமையலறையில் உள்ள சின்ன வகைக் கரப்பான் ஒரு முட்டைப்பையில் 30, 40 முட்டைகள் வைக்கும். அவை பொரிக்கச் சுமார் ஒரு மாதம் ஆகும். முதல் வாரத்திலேயே எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலும், மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி ஜெல் வைக்க வேண்டும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஜெல்லிலும் விஷம்தான் இருக்கிறது. பறவையை வெளியே பறக்க விடும் வீடென்றால் அலகு நுழையும் எந்த இடுக்கிலும் வைக்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் வரும் கரப்பான் விஷ இரையை வாங்கி, திருகு போட்ட பலகைக்குப் பின்னால் வைப்பது இன்னும் நல்லது. போரிக் பவுடரைத் தரையில் தூவச் சொல்வார்கள். இரையில் கலந்த போரிக் வேறு, தூளாகப் பறக்கும் போரிக் வேறு. டயட்டமேசியஸ் மண் ‘இயற்கையானது’ என்று விற்கப்படுகிறது, அதுவும் நுரையீரலை உறுத்தும் நுண்தூள்தான். சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் இட்டு மூடிவிட்டால் சரி. திறந்த தரையில் வேண்டாம்.

கரப்பான் ஹாலுக்கு வருவதற்குப் பெரும்பாலும் நம் கூண்டே காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்ஜி தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை நாலா பக்கமும் வீசும். உமியோடு முழு மணியும் விழும். ஈரமான பழத்துண்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீர்க் கிண்ணம். கரப்பானுக்கு வேறென்ன வேண்டும்? மாலையில் பழம், காய்கறியை எடுத்துவிடுங்கள். படுக்கும் முன் தட்டின் காகிதத்தை மாற்றிக் கூண்டின் அடியைத் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாத வீட்டில் எந்த ஜெல்லும் பாதி வேலைதான் செய்யும், அதைவிடச் சுவையான சாப்பாடு பக்கத்திலேயே இருப்பதால்.

எறும்பு

கூண்டு ஸ்டாண்டின் கால்களில் எறும்பு சாக்பீஸால் கோடு போடுவது பரவலாக நடக்கிறது. அந்த சாக்பீஸில் இருப்பதும் பூச்சிக்கொல்லிதான். உதிர்ந்து தூளாகும், சிறகடிக்கும் காற்றில் கிளம்பும். அழித்துவிடுங்கள், ஈரத்துணியால்.

ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் சோப்புத் துளி கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சோப்பு இல்லாவிட்டால் சிறிய எறும்புகள் நீர்ப்பரப்பின் மேலேயே நடந்து போய்விடும். கூண்டு சுவரையோ திரைச்சீலையையோ தொடக் கூடாது, தொட்டால் அதுவே பாலம். தொங்கும் கூண்டென்றால் பறவைக்கு எட்டாத உயரத்தில் கொக்கியில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். எறும்பு போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அதன் வாசனைக் கோடு அழிந்துவிடும்.

புற்றையே ஒழிக்க வேண்டுமென்றால் 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்துப் பஞ்சில் நனைத்து, எறும்பு மட்டும் நுழையும் துளை போட்ட மூடிய டப்பாவில், கூண்டிலிருந்து தள்ளி எறும்பின் வழியில் வையுங்கள். அளவைக் கூட்டினால் சீக்கிரம் சாகுமே என்று தோன்றும். வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிட்டால் ராணிக்கு எதுவும் போய்ச் சேராது. முதல் நாள் டப்பாவில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதுதான் வேண்டியது. குழந்தைகளுக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காதவை, ஆனால் கேட்டிருக்க வேண்டியவை

கரப்பான் ஸ்பிரேக்குப் பயப்படும் வீடுகளிலேயே ராத்திரி கொசுவர்த்திச் சுருள் எரிவதுண்டு. ஒரு சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுருளைப் பறவை அறையில் அடியோடு நிறுத்திவிடுங்கள். செருகி வைக்கும் திரவ மருந்தில் புகை இல்லை என்றாலும், அதன் வேலையே மருந்தை ராத்திரி முழுக்க ஆவியாக்குவது. ஜன்னலுக்கு வலை, கூண்டுக்கு மெல்லிய கொசுவலை, கூண்டின் மேல் நேராக அடிக்காத மின்விசிறி, இவை போதும். வலையை விட்டுவிடாதீர்கள், பறவை அம்மை கொசு வழியாகவும் பரவும். பறவை குளிக்கும் தொட்டி, ஸ்டாண்டின் காலடிக் கிண்ணம் ஆகியவற்றின் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரு வாரம் தேங்கினால் அங்கேயே கொசு பிறக்கும்.

யூகலிப்டஸ் எண்ணெயை ஆவியாக்குவது, கற்பூரம் எரிப்பது, அந்துருண்டை போடுவது எல்லாம் ‘மருந்தில்லா’ வழிகளாக வலம் வருகின்றன. நாற்றத்தால் பூச்சியை விரட்டும் எதுவும் காற்றில் கலந்துதான் விரட்டுகிறது. செடியிலிருந்து வந்தது என்பதால் பறவையின் நுரையீரல் சலுகை காட்டாது. கூண்டில் தொங்கவிடும் ‘உண்ணி விரட்டி’ வில்லைகளும் இதே ரகம். அவற்றில் பாராடைகுளோரோபென்சீன் அல்லது நாப்தலின் இருக்கும். பறவைக்கு உண்ணி இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ராத்திரி கூண்டை வெள்ளைத் துணியால் மூடி, விளக்கணைத்து, சில மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு உண்ணி பகலில் இடுக்கில் ஒளிந்து ராத்திரியில் வெளிவரும். துணியில் நகரும் புள்ளியாகத் தெரியும். கூண்டையும் குச்சிகளையும் கொதிநீரில் அலசுங்கள், மரப்பெட்டிக் கூடு இருந்தால் தூக்கிப் போடுங்கள், பறவைக்கு மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்து மட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி ஸ்பிரேயை ஒரு துளிகூட வேண்டாம்.

தானியத்தில் அந்துப்பூச்சி வந்தால், காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

எலிக்கு விஷ இரை வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் தானியத்தில் செய்தது, எலி அதை இழுத்துப் போய்க் கூண்டடியிலேயே போட்டுவிடக்கூடும். பறவை வெளியே பறக்கும் வீட்டில் பசை அட்டையும் ஆபத்து. பெட்டிக்குள் வைத்த பொறி, அப்புறம் ஓட்டைகளை அடைப்பது. 6 மில்லிமீட்டர் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். பறவை கொத்தக்கூடிய இடத்தில் ஸ்டெயின்லெஸ் வலை போடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வலையைக் கொறித்தால் அதுவும் நஞ்சு.

அடித்தே ஆக வேண்டும் என்றால்

கரையான், மூட்டைப்பூச்சி போன்றவற்றுக்குச் சில சமயம் பெரிய சிகிச்சை தவிர்க்க முடியாது. மூட்டைப்பூச்சிக்கு நீராவியும் வெப்பமும், கரையானுக்கு மண்ணில் புதைக்கும் இரைப்பெட்டியும் முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாதென்றால் பறவைகள் வீட்டைவிட்டே போக வேண்டும். வேறு அறை போதாது: கதவடி இடுக்கு, பொது ஏசி, திறந்து மூடும் கதவு என்று மருந்து எப்படியும் வரும். கூண்டு, பொம்மை, தானியம் எல்லாவற்றையும் மருந்துக்காரர் வருவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். திரும்பக் கொண்டுவருவதற்கு, மருந்து முழுக்கக் காய்ந்து ஜன்னல்களைத் திறந்து வைத்து இரண்டு நாளாவது ஆகட்டும் என்பது என் அறிவுரை. கூண்டு வைக்கும் இடத்தைச் சுற்றி அடிக்கவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீடு முழுக்கப் புகை பரப்பும் ஃபாகிங்கை மட்டும் எந்த நிபந்தனையிலும் ஏற்காதீர்கள்.

உங்கள் பூச்சி ஒழிப்புக்காரரிடம் ஜெல் மட்டும் வைப்பாரா என்று கேளுங்கள், பலர் வைப்பார்கள். மருந்தின் ரசாயனப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். “அதெல்லாம் கம்பெனி ரகசியம்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள். லேபிளிலேயே அச்சிட்டிருக்கும் விஷயம் அது.

தெரியாமல் யாராவது அடித்துவிட்டு, பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினாலோ, நடுங்கினாலோ, கூண்டின் தரையில் புசுபுசுவென்று உட்கார்ந்துவிட்டாலோ, கூண்டோடு சுத்தமான காற்றுக்குக் கொண்டுபோங்கள். பால், எண்ணெய், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கையில் பிடித்து ஆராயாதீர்கள். காற்றோட்டமுள்ள சின்ன இருட்டுப் பெட்டியில் வெதுவெதுப்பாக வைத்து, பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கிளம்புங்கள். போகும் வழியிலேயே அவருக்குப் போன் செய்து லேபிளில் உள்ள பெயரைப் படித்துக் காட்டுங்கள். ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் போன்ற முறிவு மருந்து உண்டு. நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அதைத் தயாராக வைத்திருப்பார்.